காற்றுப் பக்கத்து இறக்கை

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளு, நீ ஒண்ணும் குழந்தையில்ல..."

"நீங்க கேளுங்க சித்தப்பா, உள்ள உட்கார்ந்திருந்தது நான்..."

"உட்கார்ந்தது நீ. வெளிய பிடிச்சது அவரு. பிடிச்சவரு கைய விட்டா உட்கார்ந்தவ என்ன பண்ண முடியும்? அதத்தானே எழுதியிருக்கேன், வேற என்ன இல்லாததையும் பொல்லாததையுமா..."

"அப்பா கைய விடல!"

"கத்தாத. தெருவுக்கே கேக்குது."

"கேக்கட்டும். அப்பா கைய விடல. விடல. விடவே இல்ல."

அடுத்த அறையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கேட்டன. ஒன்று மகளுடையது, இன்னொன்று கணவனின் தம்பியுடையது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. மடியில் கணவனின் வெள்ளைச் சட்டை கிடந்தது. அதன் வலது கைத் தையலைப் பிளேடு முனையால் இழை இழையாக அறுத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஆஸ்பத்திரிப் பிணவறை ஆள் ஃபோன் பண்ணியிருந்தான். "சட்டைய அனுப்பும்போது வலது கையக் கிழிச்சு அனுப்புங்கம்மா. வீக்கத்துக்கு ஏறாது. பின்பக்கம் கிழிச்சுட்டா முன்னாடி தெரியாது."

"கிழிக்கணுமா?"

"எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க."

"கை எவ்வளவு சுத்து இருக்குன்னு அளந்து சொல்றீங்களா?"

அந்தப் பக்கம் ஃபோனை எங்கேயோ வைக்கும் சத்தம் கேட்டது. இப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டிருக்கமாட்டார்கள் போலும். கொஞ்ச நேரம் கழித்து, எங்கேயோ போய்விட்டு வந்தவன் மாதிரி மூச்சிரைக்கச் சொன்னான். "பதினெட்டு அங்குலம் இருக்கும்மா."

அவள் கணக்குப்படி பதினாலு. இருபத்தெட்டு வருஷமாக அவருக்கு அவள்தான் தைக்கிறாள். நாலு அங்குலத் துணிதானே, உள்ளே ஒரு பட்டை வைத்துத் தைத்துவிட்டால் போயிற்று. ஊரார் சட்டைக்கெல்லாம் ஒட்டுப் போட்டுக் கொடுத்தவள், இந்த ஒரு சட்டையைக் கிழித்து அனுப்புவாளா?

வீட்டின் முன்பக்கம் அவளுடைய தையல்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் வாடகை நாற்காலிகளை யாரோ இறக்கிப் போடும் சத்தம். காற்று இன்றைக்கும் ஓயவில்லை. அடுக்கி வைத்த நாற்காலி ஒன்று சரிந்து விழுந்து, தெருவில் கொஞ்ச தூரம் உருண்டு போனது.

மாடிவீட்டு அக்கா டீயோடு வந்தாள். "குடி. குடிச்சுட்டு அழு."

"அழல அக்கா."

"அதான் சொல்றேன், குடிச்சுட்டு அழு." டம்ளரை மெஷின் பலகையில் வைத்துவிட்டு, பக்கத்து அறையை நோக்கி முகத்தைத் திருப்பினாள். "இன்னிக்காவது சும்மா இருக்கக்கூடாதா ரெண்டும்? அந்த மனுஷன் இருந்தப்போ இந்த வீட்டுல ஒரு சத்தம் கேட்டதுண்டா? பழைய பேப்பரக் கட்டிக் கொடுன்னு கொடுத்தேன் ஒருநாள். பேப்பர்காரன் பிரிக்க முடியாம என்கிட்டயே கத்தரிக்கோல் கேட்டான். அப்படி ஒரு முடிச்சு."

அவருக்குப் பெயரே அதுதான். ஊருக்கு வெளியே இருந்த பறக்கும் கிளப்பில் அவர் மூத்த மெக்கானிக். ஏழு சின்ன விமானங்கள், எல்லாம் இரண்டு பேர், நாலு பேர் உட்காரக்கூடியவை. சாயங்காலமானால் அவற்றைத் தரையிலிருக்கும் இரும்பு வளையங்களோடு கயிறு போட்டுக் கட்டுவது அவர் வேலை. உதவிக்கு ஆள் இருந்தாலும் கடைசி முடிச்சை அவர்தான் போடுவார். அதனால் 'முடிச்சு'. படிக்க வரும் பையன்கள் குறும்பாக 'முடிச்சவிக்கி' என்பார்கள். "கட்டுறவனப் பார்த்து அவிழ்க்கிறவன்னு சொல்றானுங்க, இவனுங்க ஏரோப்ளேன் ஓட்டி உருப்பட்ட மாதிரிதான்" என்று வீட்டில் வந்து சிரிப்பார்.

அவளுக்கும் கிளப்புக்கும் ஒட்டுறவு அந்தக் கயிற்றோடு வந்ததுதான். விமானங்களுக்கு மேலே போர்த்தும் தார்ப்பாய் உறைகளை அவள் தைத்துக் கொடுத்தாள். ஆனால் ஒருநாளும் ஏறியதில்லை. "தரையில நிக்கிறப்பவே அது நடுங்குது, நான் வேற ஏறணுமா?" என்பாள்.

"நீ பயப்படறது சரியான இடத்துலதான்" என்பார் அவர். "எல்லாரும் மேல போனா பயப்படுவாங்க. மேல போயிட்டா அதுக்குக் காத்துதான் வீடு. தரையிலதான் சிக்கல். மூணு சின்னச் சக்கரம், மேல முப்பதடி இறக்கை. குடைய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு சைக்கிள் ஓட்டற கதைதான். கட்டிப் போடற வரைக்கும் அது பறந்துக்கிட்டுத்தான் இருக்கு."

அப்படித் தரையில் மெல்ல ஓட்டிக்கொண்டு போவதற்கு அங்கே 'டாக்ஸி' என்று பெயர். முதலில் கேட்டபோது, "ஏரோப்ளேன் வச்சிருக்கிறவங்களுக்கு எதுக்கு டாக்ஸி?" என்று கேட்டு மாட்டிக்கொண்டாள். பத்து வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்கள் அப்பாவும் மகளும்.

மகளை அவர் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார். கிளப்பில் வேலை பார்ப்பவரின் பிள்ளை என்பதால், அங்கே பறக்கச் சொல்லிக்கொடுக்கும் கேப்டன் அவளைச் சேர்த்துக்கொண்டார். தனியாகப் பறக்கும் அனுமதி கிடைத்து ஐந்து மாதம் ஆகிறது. முழு லைசென்ஸுக்கு இன்னும் ஒரே ஒரு பரீட்சை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் போதும், அந்த மனிதர் மேஜை ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். மகளின் முன்னால் இடது பக்கமாக வைப்பார்.

"காத்து எங்கிருந்து வருது?"

"முன்னாடி, இடது பக்கம்."

"கை?"

மகள் சாப்பாட்டுத் தட்டின் இரண்டு ஓரத்தையும் விமானத்தின் கைச்சக்கரம் மாதிரிப் பிடித்து இடது பக்கம் திருப்புவாள். காற்று முன்னாலிருந்து வந்தால் காற்றைப் பார்த்துத் திருப்ப வேண்டும். அவர் ஃபேனைத் தூக்கிக்கொண்டு, ஒயர் காலில் சிக்கச் சிக்க, அவளுக்குப் பின்னால் போவார்.

"இப்போ?"

"பின்னாடி, இடது பக்கம். அப்போ கை... வலது பக்கம். அப்படியே முன்னாடி தள்ளணும்."

"ஏன்?"

"இல்லன்னா காத்து பின்னாலேர்ந்து இறக்கைக்கு அடியில பூந்து தூக்கிடும்."

"எவ்வளவு நேரத்துல?"

"நாம ஐயோங்கறதுக்குள்ள."

"சாப்பாடு ஆறிப்போச்சு ஐயோ!" என்பாள் அவள், சமையலறையிலிருந்து. ஒருநாள் மகள் பரீட்சை அலுப்பில் தட்டைத் தப்பாகத் திருப்பிவிட்டாள். "வலது பக்கம்டி" என்று சமையலறையிலிருந்து இவள் குரல் கொடுத்தாள். ஃபேனை வைத்துவிட்டு அவர் கைதட்டிச் சிரித்த சிரிப்பு! "உங்கம்மாவுக்கு மொதல்ல லைசென்ஸ் வாங்கிடலாம் போலிருக்கே."

இரண்டு வருஷம் நடந்தது அது. எத்தனை தட்டு, எத்தனை ராத்திரி!

பட்டையை வைத்து ஊசி குத்தினாள். மெஷினை மிதிக்க மனம் வரவில்லை. கையாலேயே தைக்கலானாள்.

பக்கத்து அறையில் குரல்கள் அடங்கின. கதவு அருகே காலடிச் சத்தம். மகள் வந்து தரையில் உட்கார்ந்தாள். நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பிளாஸ்திரி. அந்த விபத்து அவளுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். மூன்று நாளாக அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாமே என்பது போல.

"அம்மா, உனக்கு நான் இன்னும் சொல்லவே இல்ல. நீயும் கேக்கல."

"சொல்லு."

"இறங்கினது நல்லாத்தாம்மா இறங்கினேன். காத்து திடீர்னு ஏறிடுச்சு. ஆனா நல்லா இறங்கிட்டேன். இறங்கி, காத்துக்கு மூஞ்சியக் காட்டிக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். ரேடியோவுல சொன்னேன், காத்து ரொம்ப இருக்கு, கொட்டகைப் பக்கம் திரும்பறதுக்குப் பயமா இருக்கு, ஆள் அனுப்புங்கன்னு. எல்லாம் சரியாப் பண்ணேன்மா அதுவரைக்கும்."

"ம்."

"ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் பிடிக்கணும். ஒருத்தன் லீவு. அப்பா மட்டும் ஓடி வந்தாரு. காத்துப் பக்கத்து இறக்கைக்குக் கீழ ஒரு கம்பி இருக்குல்ல, அதப் பிடிச்சாரு. பிடிச்சுட்டு என்னப் பார்த்துத் தலையாட்டினாரு. சிரிச்சாரும்மா." அவள் நிறுத்தினாள். "அவரு பிடிச்சதும் எனக்குப் பயமே போயிடுச்சு. பயம் போனதும் காத்தும் மறந்து போச்சு. திரும்பினேன். காத்து பின்னாடி வந்துடுச்சு. கைய மாத்தணும்."

அவள் கைகள் மடியில், இல்லாத ஒரு சக்கரத்தைப் பிடித்தபடி இருந்தன. இடது பக்கம் திரும்பியே இருந்தன.

"மாத்தல" என்றாள்.

தைத்துக்கொண்டிருந்தவளின் ஊசி நின்றது. தட்டு அவளுக்குத் தெரியும். ஃபேன் தெரியும். இதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

"இறக்கை தூக்கிச்சு. அப்பாவும் சேர்ந்து மேல போனாரு. கால் தரையில இல்ல. அப்பக்கூட விடல. விட்டிருந்தா அவரு அப்படியே நின்னிருப்பாரு, நான்தான் கவிழ்ந்திருப்பேன். அவரு தொங்கினாரும்மா. நான் கண்ணாடி வழியாப் பார்த்தேன். அப்புறம் ஏரோப்ளேன் மூக்கு தரையில குத்திச்சு, அவரையும் சேர்த்து அடிச்சுது." மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாளைக்கு விசாரணை அதிகாரி வராரு. நான் இதத்தான் எழுதிக் கொடுக்கப்போறேன். சித்தப்பா வேண்டாங்கறாரு. அப்பா கைய விட்டுட்டாருன்னு அவரே ஒரு தாள் டைப் பண்ணி வச்சிருக்காரு. செத்தவரு மேல போட்டு, நீயும் கையெழுத்துப் போட்டுட்டா ஆச்சாம். எப்படிம்மா மனசு வருது?"

அவள் பதில் சொல்லுமுன் மகளின் சித்தப்பாவே உள்ளே வந்தார். கிளப் அலுவலகத்தில் எழுத்தர். மூன்று நாளாகச் சவரம் இல்லை, தூக்கம் இல்லை. கையில் மடித்த தாள்.

"அண்ணி, மனசுல வச்சுக்கிட்டு நாடகமாட என்னால முடியல. இவகிட்ட சொல்லிடறேன்." மகள் பக்கம் திரும்பினார். "நானாக் கட்டின கதைன்னு நினைக்கிறியா? உங்கப்பா சொன்னதும்மா இது. அவரு வாயால சொன்னது. நேத்து மூணு மணிக்கு. நானும் உங்கம்மாவும் பக்கத்துல நின்னோம்."

மகளின் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. "அப்பா பேசினாரா?"

"பேசினாரு. உங்கம்மாவக் கேளு."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

நேற்று மூன்று மணி. டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்துக்காக மகள் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தாள். அதற்குச் சற்று முன்புதான் அந்த டாக்டர், பார்க்கச் சின்னப் பெண், இவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "நெஞ்சுக்குள்ள ரத்தக்கசிவு நிக்கலம்மா. வலது தோள் மூட்டே கழன்று வந்திருக்கு. உள்ளங்கையில தோலே இல்ல. எதையோ விடவே மாட்டேன்னு பிடிச்சிருக்காரு."

உள்ளே வந்தபோது அவர் கண்ணைத் திறந்திருந்தார். மூன்று நாளில் அந்த ஒரு தடவைதான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் இவள்.

"என்னங்க... நான்தான், தெரியுதா?"

அவர் தெரியும் என்றோ தெரியாது என்றோ சொல்லவில்லை. வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர் மாதிரி நேராக விஷயத்துக்கு வந்தார். "வாலு சரியாத்தான் பிடிச்சிருந்தா."

"பேசாதீங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"சரியாத்தான் பிடிச்சிருந்தா. நான்தான் கைய விட்டுட்டேன். எழுதிக் கொடுத்துடுங்க." மூச்சு வாங்கினார். தம்பியைப் பார்த்தார். "எழுது."

வெள்ளைத் துணி சுற்றிய வலது கை, தலையணை ஒன்றின் மேல் தனியாக, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தது. அந்தக் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அப்படிச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பொய் சொல்லத் தெரியாத ஆள். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போய்விட்டு, வேலை இருந்தது என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்தவர்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். மகள் மருந்தோடு மாடி ஏறி வந்தபோது மூடிய கண்தான். ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

"அம்மா." மகள் முழங்காலால் நகர்ந்து வந்து அவள் புடவை முந்தானையைப் பிடித்தாள். "அப்பா பேசினாரா? நான்தான் கைய விட்டேன்னு அப்பாவா சொன்னாரு?"

அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது. அந்த முகத்தில், ஆமாம் என்று ஒரு சொல்லைப் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. உயிரையும் கொடுத்து, அது போதாதென்று பேரையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். இந்தப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு எத்தனை வருஷம் நடப்பாள்? மறுத்தால் அப்பாவைப் பொய்யராக்க வேண்டும், வாங்கிக்கொண்டால் காலமெல்லாம் அந்தப் பாரத்தோடுதான் பறக்க வேண்டும்.

"அம்மா, சொல்லும்மா."

"கண்ணத் தொறந்தாரு" என்றாள். "பார்த்தாரு. மூடிக்கிட்டாரு. அவ்வளவுதான்."

"அண்ணி!"

"பேசல" என்றாள். ஊசியில் நூல் தீர்ந்திருந்தது. புது நூலைக் கடித்து நறுக்கினாள். "அவரு எங்க தம்பி பேசினாரு? உங்களுக்கு மூணு நாளாத் தூக்கமில்ல. என்னத்தயோ கேட்டுட்டுப் பேசறீங்க."

அவர் கையிலிருந்த தாளைப் பிரித்தார், மறுபடி மடித்தார். மகள் அவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்து, "இப்பத் தெரியுதா சித்தப்பா? அப்பா அப்படிச் சொல்ற ஆளே இல்ல" என்றாள். குரலில் வெற்றி இல்லை. எதையோ எதிர்பார்த்து ஏமாந்த குரல். "நான் போய் எழுதறேன்" என்று கடைப் பக்கம் போனாள்.

துணி வெட்டும் மேஜையில் உறைத் துணிகளை ஒதுக்கித் தள்ளும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"என்ன அண்ணி இது?" என்றார் கொழுந்தன். தாழ்ந்த குரலில் சொன்னாலும் அழுகை தெறித்தது. "சாகப்போறவரு சொன்ன கடைசி வார்த்த. அவரு ஆச. செத்தவரு லைசென்ஸ எவனும் பிடுங்க முடியாது. இவளுக்கு வரவேண்டியது வராமலே போயிடும் அண்ணி. இத்தனை வருஷம் அவரு கயிறு கட்டினதே இவ மேல போகணும்னுதானே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"முப்பது வருஷமா ஒரு கயிறு அவிழ்ந்ததில்ல அவரு கட்டி. அந்தக் கை விட்டுடுச்சுன்னு நான் கையெழுத்துப் போடணுமா? எந்தக் கையால போட?" மடியிலிருந்த சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். பட்டை வைத்து அகலமாகி, வேறு யாருக்கோ தைத்தது போலிருந்தது அது. "பதினெட்டு அங்குலம். பார்த்தீங்களா? விட்ட கை வீங்குமா தம்பி?"

அவர் மெஷின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அவரு சொன்னது? அத என்ன பண்றது? நான் என் காதால கேட்டேன்."

"நானும் கேட்டேன். என்கிட்ட சொன்னது, நான் வச்சுக்கறேன். நீங்களும் வச்சுக்குங்க. ரெண்டு பேரும் சுமக்கலாம். அவமேல வேண்டாம்."

அவள் அடுத்த தையலைப் போட்டாள். வாசலில் மறுபடியும் ஒரு நாற்காலி சரிந்தது.

"அந்தப் பக்கத்து இறக்கையப் பிடிக்க வேண்டியவன் லீவு கேட்டான்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "தங்கச்சிக்கு வீடு பார்க்கப் போகணும்னு. காத்து சாயங்காலந்தான் வரும்னு வானிலைத் தாள்ல போட்டிருந்துச்சு. போயிட்டு வாடான்னு நான்தான் அனுப்பினேன். அத எந்தத் தாள்ல எழுதறது அண்ணி?"

ஓ, அதுவா, என்று நினைத்துக்கொண்டாள். மூன்று நாளாக இவரை அரித்துக்கொண்டிருந்தது அதுதானா?

"டீ ஆறிடுச்சு" என்றாள். "பரவாயில்லன்னா குடிங்க."

அவர் குடித்தார். ஆறிய டீயை மருந்து மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தாளை நாலாக, எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். சட்டை தைத்து முடிந்ததும் அதைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனார்.

பதினோரு மணிக்குக் கேப்டன் வந்தார். உயரமான ஆள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். "டெய்லரம்மா" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஆகாயத்தில் நூறு பேருக்குத் தைரியம் சொன்னவர்.

மகள் தான் எழுதியதைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு பக்கம்தான். அவர் நின்றபடியே படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இத அப்படியே கொடுத்துடவா?"

"கொடுங்க கேப்டன்."

"இத்தன வெளிப்படையா எழுதியிருக்கத் தேவையில்ல. அப்பா பிடிச்சிருந்தார், காத்து பலமா இருந்தது, அதுமட்டும் போதும். மிச்சத்த அவங்க கண்டுபிடிச்சுக்கட்டும்."

"கண்டுபிடிக்க முடியாம போயிட்டா?"

அவர் கையிலிருந்த தாளை இன்னொரு தடவை பார்த்தார்.

"ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ நிறுத்தி வைப்பாங்க. அதுக்கப்புறமும் விடுவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. புரியுதா?"

"புரியுது."

கேப்டன் தாளை மடித்தார். அவள் பக்கம் திரும்பினார். "ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட. அன்னிக்கு அந்தக் காத்துல இவ இறக்கினா பாருங்க, நான் ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். உங்க வீட்டுக்காரரும் பக்கத்துல நின்னாரு. சக்கரம் தொட்டதும் என் தோள்ல ஓங்கி ஒரு அடி அடிச்சாரு. சந்தோஷம். இன்னும் வலிக்குது." தோளைத் தொட்டுக் காட்டினார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. வேகமாக வெளியே போய்விட்டார்.

பன்னிரண்டரைக்கு வண்டி வந்தது. வெள்ளைச் சட்டையில் அவரைப் பார்த்து மாடிவீட்டு அக்கா, "தூங்கற மாதிரியே இருக்காரே" என்று ஓவென்று கதறினாள். கிளப் பையன்கள் வந்தார்கள். 'முடிச்சவிக்கி' என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் வரிசையாகச் சுவரோரம், கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். லீவில் போன உதவியாள் வாசற்படியைத் தாண்டவே இல்லை. வெளியே நாற்காலிகளைக் காற்றில் விழாமல் பிடித்துக்கொண்டு நின்றான். கொழுந்தன் அவனைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் அடுத்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் நடக்க வேண்டியபடி நடந்தது.

ஆறு மணிக்கு வீடு காலியானது. கொழுந்தன் உள் அறையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கிப்போனார். மாடிவீட்டு அக்கா, "மிச்சத்த நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று படியேறிப் போனாள். தொட்டியில் டம்ளர்கள் கிடந்தன, நாற்பதோ ஐம்பதோ. பாதி அவள் வீட்டுடையது அல்ல. யார் யார் வீட்டிலிருந்து வந்தது என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.

அவள் விளக்கினாள். மகள் பக்கத்தில் நின்று வாங்கித் துடைத்தாள். காற்று நின்றுபோயிருந்தது. ஜன்னல் திரை அசையவில்லை. மூன்று நாளாகக் காதிலேயே இருந்த இரைச்சல் போய், குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

"கேப்டன் அழுதாரும்மா" என்றாள் மகள்.

"பார்த்தேன்."

"நான் எழுதினது சரிதானே?"

"சரிதான்."

"உனக்கு என் மேல கோவமா?"

"இல்ல."

"சத்தியமா?"

"இல்லடி. அந்தத் துணிய நல்லாப் பிழி. ஈரத்தோட வைக்காத."

மகள் துணியைப் பிழிந்தாள். இன்னொரு டம்ளரைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். அவள் எதையோ கேட்கத் தயங்குகிறாள் என்பது இவளுக்குத் தெரிந்தது. தெரிந்து, குழாயை இன்னும் கொஞ்சம் திருகித் தண்ணீரை அதிகப்படுத்தினாள். கையிலிருந்த டம்ளர் நிரம்பி, வழிந்து, வழிந்துகொண்டே இருந்தது.

"அந்த மருந்துக்கடையில எனக்கு முன்னாடி நாலே பேருதாம்மா நின்னாங்க" என்றாள் மகள். "கண்ணத் தொறந்தாருன்னு சொல்றியே... என்னப் பத்தி ஒரு வார்த்தகூடவா சொல்லல?"